களரியில் ஆடிய போர்மகளிர்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோ மீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குப் பக்கம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு கரைகளுக்குப் பெயரிட்ட அவ்வூர் மக்கள், வேளாண்மை வெட்டி முடிந்த மாதங்களிலே தம் ஓய்வு நாட்களைக் கூத்துக்கு ஒதுக்கினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்ட போர்கள் யாவும் கூத்துக் களரியிற் கண்ட போர்களே. குருக்கேத்திரமும் இலங்காபுரியும் அவர்களுக்கு மத்தள ஒலியோடு வந்து சேர்ந்த ஊர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு வகைப் போரும் அவர்கள் கண்களுக்கு எட்டிற்று. ஹொங்கொங் நகரில் எடுக்கப்பட்ட குங்பூப் படங்களும் வாட்போர்ப் படங்களும் திரையரங்கு வழியாகவும், பின்னர் ஒளிநாடா, தொலைக்காட்சி வழியாகவும் இலங்கை முழுவதும் பரவின. அப்படங்களிலே மெல்லிய உடலினளான ஒரு பெண் கூரைக்குக் கூரை தாவுகிறாள், பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, விழி அசையாது வாளை உருவுகிறாள், வெல்லவும் வெல்கிறாள். இதனைப் பார்த்தவருட் பலர், இஃது இக்காலத்துப் புதுமை என்றும், மேல்நாட்டுப் பெண்ணுரிமைக் கொள்கை திரைக்குள் புகுந்ததன் விளைவு என்றும் கருதினர். அக்கருத்து ஆராயத்தக்கது. ஏனெனில் அப்பெண் பிறந்த இடம் திரைப்படக் கொட்டகையன்று. ஒரு பழைய ஆடற்களரி. அத்தகைய களரி ஒன்று வாவிக் கரையிலும் இருந்தது. அங்கும் வாளேந்திய பெண்கள் ஆடினர். ஆயினும் இரு களரிகளிலும் அவர்களுக்கு நேர்ந்தது ஒன்றன்று.

முதலிற் களரியைக் காண்போம். களரி என்னுஞ் சொல்லே பொருள் செறிந்தது. தமிழிலே அது அவையையும் குறிக்கும், ஆடரங்கையும் குறிக்கும். மலையாள நாட்டிலோ அது படைக்கலப் பயிற்சி செய்யும் இடத்திற்குப் பெயராகி, களரிப்பயிற்று என்னும் போர்க்கலைக்கு அடியாயிற்று. ஒரே சொல் ஓரிடத்திற் கூத்தையும் மற்றோரிடத்திற் போரையும் குறித்து நிற்பது, பின்னர்க் கூறப்போகும் செய்திக்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

மட்டக்களப்புக் களரி வட்டமானது. சுற்றிலும் கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் அவரைச் சூழ்ந்து நிற்பர். மக்கள் நாற்புறமும் அமர்ந்திருப்பர். ஆகவே ஆடுவோனுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடு கிடையாது. எல்லாத் திசைக்கும் அவன் முகங்காட்டியாக வேண்டும். சுழன்று சுழன்று ஆடுதல் அங்கு அழகுக்காக மட்டும் வந்ததன்று, இருக்கை அமைப்பே அதனை வேண்டிற்று. காட்டைக் கடப்பதும் கடலைக் கடப்பதும் அவ்வட்டத்தைச் சுற்றி வருவதனாலேயே உணர்த்தப்படும். திரைச்சீலையில் மலை வரையவேண்டிய தேவை இல்லை.

கூத்துக்கள் வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். பாரத இராமாயணப் போர்க் கதைகள் வடமோடியிற் பெரும்பாலும் ஆடப்படும். காதலும் மணமும் பற்றிய கதைகள் தென்மோடிக்கு உரியன. வடமோடி அரசன் அணியும் கரப்புடுப்பு, கோழியை மூடும் கரப்பைப் போன்ற சட்டத்தின்மேல் துணி போர்த்தது. சுழன்றாடும்போது குடைபோல விரிந்து நிற்கும். தென்மோடி உடை இலேசானது. அதற்கேற்ப அதன் ஆட்டமும் நுணுக்கமும் விரைவும் மிக்கது. வீசாணம், எட்டு, நாலடி, பொடியடி, குத்துமிதி, பாய்ச்சல் என்று ஆட்டங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் அதன் தகுதிக்கேற்ற தாளக்கட்டு உண்டு. வீமன் வரும் தாளத்திலே தருமன் வருவதில்லை. மத்தளம் ஒலிக்கத் தொடங்கியதுமே வருபவர் இன்னார் என்று கிழவிகளும் சொல்லிவிடுவர்.

இத்தகைய அரங்கிலே போர் எவ்வாறு நிகழும்? இரு தரப்பாரும் எதிரெதிர் நின்று தருக்களால் ஒருவரை ஒருவர் இகழ்வர். தாளம் படிப்படியாக விரையும். அடிகள் நெருங்கும். மரத்தாற் செய்த வாளும் வில்லும் தண்டும் தாளத்தின்படியே உயரும், தாழும். கடைசியில் ஒருவன் வீழ்வான். எவனது உடல் பெரியது, எவனது கை வலியது என்பன அங்கே கேள்விகள் அல்ல. எவனது அடி தாளத்தோடு ஒன்றி நிற்கிறது, எவனது மூச்சு விடியும்வரை தாங்குகிறது என்பனவே கேள்விகள். நேயர் இவ்விடத்தைச் சற்றே நினைவிற் கொள்ளுதல் நன்று. போர் ஆட்டமாக மாறிய கணத்திலேயே, உடல் வலியால் ஆணுக்கு உரியதென்று கருதப்பட்ட வெற்றி பெண்ணுக்கும் உரியதாகக்கூடிய வாயில் திறக்கின்றது.

அவ்வாயில் வழியே சீன நாட்டு அரங்கு நுழைந்தது. பீகிங் ஒப்பரா என்று உலகம் வழங்கும் சீன இசை நாடகமும் நம் கூத்தைப் போன்றே வெறும் மேடையில் ஆடப்படுவது. ஒரு மேசையும் இரு நாற்காலிகளும் அரண்மனையுமாகும், மலையுமாகும். கையில் ஒரு சாட்டை இருந்தால் ஆடுபவர் குதிரைமேல் வருகிறார் என்பது பொருள். நான்கு வீரர் வந்தால் ஒரு படை வந்தது. போரோ தாளக் கருவிகளின் ஒலிக்கு ஆடும் கரணங்களும் ஈட்டிச் சுழற்சியுமேயாம். இவ்வரங்கிலே பெண் பாத்திர வகைகளுள் ஒன்று, வாளும் குதிரையும் உடைய மகள் என்று தனியே பெயர் பெற்றது. முதுகிலே நான்கு கொடிகள், தலையிலே நீண்ட காட்டுக்கோழி இறகுகள் இரண்டு, கையிலே ஈட்டி: இவை அவளுக்குரிய கோலம். இப்பாத்திரத்தை ஏற்போர்க்கு இளமையிலிருந்தே தனிப் பயிற்சி உண்டு. அஃதாவது, போர்மகள் அங்கே எப்போதோ ஒரு கதையில் வந்து போகும் விருந்தினள் அல்லள். அரங்கின் இலக்கணத்திலேயே இடம்பெற்றவள்.

அவ்வகைப் பாத்திரங்களுட் புகழ் மிக்கவள் மூ குவேயிங். யாங் குடும்பத்துப் படைத்தலைவர்கள் பற்றிய கதைகளில் வருபவள். மலைக்கோட்டை ஒன்றின் தலைவனுடைய மகளாகிய இவள், யாங் குடும்பத்து இளவீரனைப் போரிலே வென்று சிறைப்பிடிக்கிறாள். பின் தானே அவனை மணக்கக் கேட்கிறாள். மகனைத் தேடி வந்த மாமனாரும் அவளிடம் தோற்றுப்போகிறார். இப்பாத்திரத்தின் முதுமைக் காலத்தைக் காட்டும் நாடகத்தை 1959ஆம் ஆண்டு மேடையேற்றியவர் மெய் லான்பாங். அரசவையின் நன்றியின்மையால் மனம் வெறுத்து ஒதுங்கியிருந்தவள், நாட்டுக்காக மீண்டும் படைத்தலைமை ஏற்கும் கதை அது. மெய் லான்பாங் 1894இற் பிறந்த ஓர் ஆண்மகன். அப்போது அவருக்கு 65 வயது. சிங் பேரரசின் காலத்திலே பீகிங் மேடையிற் பெண்கள் ஏற இடமில்லாமையால், பெண் வேடம் ஆண்களின் கலையாக வளர்ந்திருந்தது. அவ்வகையில் வாவிக் கரைக்கும் பீகிங் நகருக்கும் வேறுபாடில்லை. கூத்திலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடினர்.

இனி, மேடையில் நின்றவள் திரைக்கு வந்த வரலாறு. 1966ஆம் ஆண்டில் ஷோ சகோதரர் நிறுவனத்துக்காக கிங் ஹூ என்னும் இயக்குநர் ஒரு வாட்போர்ப் படம் எடுத்தார். ‘என்னோடு அருந்த வா’ என்பது அதன் ஆங்கிலத் தலைப்பின் பொருள். பீகிங்கிற் பிறந்த கிங் ஹூ, மேற்கூறிய இசை நாடகத்தில் ஊறியவர். படத்தின் சண்டைகளை அமைத்த ஹான் யிங்ஜியே அந்நாடகப் பயிற்சி பெற்றவர். கதாநாயகியாக வந்த செங் பெய்பெய் சாங்காயிற் பிறந்து பலே நடனம் கற்றவர். அப்போது இருபது வயதினர். போர்க்கலை கற்றவளைத் தேடாமல் ஆடல் கற்றவளைத் தேடி எடுத்தது, அப்படத்தின் போக்கை விளங்கிக்கொள்ள உதவும்.

அதிலே ஒரு காட்சி. கொள்ளையர் பிடித்துவைத்த தன் தமையனை மீட்க, ஆண் உடையில் ஒரு சத்திரத்திற்கு வந்து அமர்கிறாள் அப்பெண். கொள்ளையர் ஒவ்வொருவராக வந்து சூழ்கின்றனர். அவள் எழுவதில்லை. நெடுநேரம் அமைதி. பின் ஒரு கணம் அசைவு; மீண்டும் அமைதி. சண்டைக் காட்சி என்றால் ஓயாத அடிதடி என்று எண்ணியிருந்தோர்க்கு அது வேறொன்றைக் கற்பித்தது. நாடகத் தாளக் கருவிகளின் ஒலியையே கிங் ஹூ தம் படங்களிற் சண்டைக்குப் பயன்படுத்தினார். தாளம் நின்றால் ஆடுபவர் சிலைபோல் நிற்பதும், தாளம் எழுந்தால் மின்னலாய்ப் பாய்வதும் கூத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதியன அல்ல. அண்ணாவியார் மத்தளத்தில் ஒரு தாளத்தைத் தீர்த்துக் கையை நிறுத்தும்போது வீரன் அப்படியே நின்று மார்பு நிமிர்த்தும் கோலம் இதனோடு ஒத்தது.

1971இல் வெளியான அவரது மற்றொரு படம் மூங்கிற் காட்டிலே நிகழும் போரினாற் பெயர் பெற்றது. அரசியற் பகையாற் கொலையுண்ட அதிகாரி ஒருவரின் மகள், தப்பி ஓடி ஒளிந்திருப்பவள், மூங்கில்களின் உச்சியிலிருந்து பகைவர்மேல் பாய்கிறாள். ஷூ பெங் என்னும் நடிகை ஏற்ற பாத்திரம் அது. மறைத்து வைத்த துள்ளுமெத்தைகளின் உதவியால் அத்தாவல்கள் படமாக்கப்பட்டன. பாய்ச்சலைத் துண்டு துண்டாக வெட்டித் தொடுத்து அதனைப் பறத்தலாகக் காட்டினார் இயக்குநர். 1975ஆம் ஆண்டு பிரான்சின் கேன்ஸ் விழாவிலே அப்படம் தொழில்நுட்பத்துக்கான உயர் பரிசைப் பெற்றது.

அதற்குள்ளாகவே ஹொங்கொங் திரையுலகின் காற்று திசைமாறிவிட்டது. சாங் செ என்ற இயக்குநரின் படங்களும், 1973இல் மறைந்த புரூஸ் லீயின் படங்களும் ஆண் உடலையும் முட்டியையும் முன்னிறுத்தின. வாளின் இடத்தை வெறுங்கை பிடித்தது. ஆட்டத்தின் இடத்தை அடி பிடித்தது. கதாநாயகி அழுபவளாகவும் மீட்கப்படுபவளாகவும் பின்னொதுங்கினாள். போர் எந்த அளவுக்கு ஆட்டமாக இருக்கிறதோ அந்த அளவுக்கே பெண்ணுக்கு அதில் இடமிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. (அக்காலத்துப் படங்கள் சுவையற்றவை என்பது இதன் கருத்தன்று. புரூஸ் லீயின் கால் வீச்சைக் கண்டு மகிழாத இளைஞர் இலங்கையில் அரியர்.)

வாள் திரும்பி வந்தது 2000ஆம் ஆண்டில். தைவானியரான ஆங் லீ இயக்கிய ‘பதுங்கும் புலி, மறைந்த நாகம்’ அடுத்த ஆண்டு நான்கு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒளிப்பதிவுக்கும் கலை அமைப்புக்கும் உரியனவும் அடங்கும். மலேசியாவின் ஈப்போ நகரிற் பிறந்த மிஷெல் யோவும், நடனப் பயிற்சி பெற்ற சாங் சியியும் அதில் வாளேந்தினர். சண்டைகளை அமைத்தவர் யூன் வூபிங். அவரும் பீகிங் நாடகக் குடும்பத்து வழிவந்தவர். நடிகரைக் கம்பிகளிற் கட்டித் தூக்கி, கம்பிகளைக் கணினியால் அழித்து, மூங்கில் உச்சிகளிலே அவர்களை மிதக்கவிட்டனர். 2002இல் சாங் யீமோவின் ‘வீரன்’ வந்தது. ஒரே கதையைச் சிவப்பு, நீலம், வெள்ளை, பச்சை என நிறம் மாற்றி மாற்றிச் சொல்லும் அப்படத்திலே, மஞ்சள் இலைகள் சொரியும் காட்டிற் சிவப்பு ஆடை அணிந்த இரு பெண்கள் பொருதும் காட்சி ஓர் ஓவியமாகவே அமைந்தது. உடையின் விரிவும் நிறமும் பாத்திரத்தின் உள்ளத்தைச் சொல்லும் இம்முறை திரைக்குப் புதிது எனப் போற்றப்பட்டது. கரப்புடுப்பின் வண்ணத்தையும், அதிற் பதித்த கண்ணாடித் துண்டுகள் பந்தத்தின் ஒளியில் மின்னியதையும் அறிந்தோர் அத்தனை வியப்படையார்.

‘பதுங்கும் புலி’யில் ஒரு கிழவி வருகிறாள், ‘பச்சைக்கல் நரி’ என்ற பெயரினள். வூடாங் மலையின் குரு அவளைத் தன் இச்சைக்கு இணங்கச் செய்தார். ஆனாற் கலையைக் கற்பிக்கவில்லை. அவள் குருவைக் கொன்று நூலைத் திருடுகிறாள். படங்களை மட்டும் பார்த்து, எழுத்தைப் படிக்கத் தெரியாமல், அரைகுறையாகக் கற்று அழிகிறாள். அவளிடம் கற்ற இளம்பெண்ணோ எழுத்தறிந்தவளாதலால் அவளை விஞ்சிவிடுகிறாள். இக்கிழவியாக நடித்தவர், 34 ஆண்டுகட்கு முன் சத்திரத்தில் அசையாது அமர்ந்திருந்த அதே செங் பெய்பெய். அவர் 2024ஆம் ஆண்டு காலமானார். அழகிய காட்சிகளுக்கு நடுவே அப்படம் எழுப்பிய கேள்வி கசப்பானது: பெண்ணை மேடையில் வாளோடு நிறுத்துபவர்கள் அவளுக்கு வாட்கலையைக் கற்பிக்கிறார்களா என்பதே அது.

அக்கேள்வியை வைத்துக்கொண்டு வாவிக் கரைக்குத் திரும்பினால், முதலில் எதிர்ப்படுபவள் அல்லி. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலை தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பலரறிந்தது. அல்லி கதையும் பவளக்கொடி கதையும் மட்டக்களப்பிலே கூத்தாக ஆடப்பட்டன. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளும் இக்கதைகளை நாடகமாக்கினார். தியாகராஜ பாகவதர் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் 1934ஆம் ஆண்டின் பவளக்கொடிப் படத்திலேயே. அல்லி மதுரையை ஆள்பவள். தந்தையின் நாட்டைக் கவர்ந்த நீன்முகனைப் போரில் அழித்து அரியணை ஏறியவள். அவளுடைய அமைச்சரும் காவலரும் பெண்கள். ஆண்வாடை அறியாத அரண்மனை அவளது. மூ குவேயிங்கிற்குத் தமிழ்நாட்டில் ஒரு தமக்கை உண்டெனில் அவள் இவளே.

ஆனால் கதை எவ்வாறு முடிகின்றது? அருச்சுனன் அவளைப் போரில் வெல்லவில்லை. கண்ணன் பாம்பாட்டியாக வர, அருச்சுனன் பாம்பாகி அவளது பள்ளியறைக்குட் புகுந்து, அவள் உறங்கும்போது கழுத்திலே தாலியைக் கட்டிவிடுகிறான். விழித்தெழுந்தவள் சீறுகிறாள், சினக்கிறாள், படை திரட்டுகிறாள். எனினும் கட்டப்பட்ட தாலி அவிழ்வதில்லை. சீனத்துப் போர்மகள் கணவனைப் போர்க்களத்தில் வென்று பெற்றாள். தமிழ்ப் போர்மகளைக் கணவன் உறக்கத்தில் வென்றான். விழித்திருந்த அல்லியை வெல்ல வழியில்லை என்பதைக் கதை தானே ஒப்புக்கொள்வதாகவும் இதனைக் கொள்ளலாம். அங்ஙனம் கொண்டாலும் கசப்பு நீங்குவதில்லை.

இதற்கு நேர்மாறாக நிற்பது அனுருத்திர நாடகம். வி. சீ. கந்தையா பதிப்பித்து அச்சேறிய தென்மோடி நாடகம் இது. வாணாசுரன் மகள் உஷை கனவில் ஓர் இளைஞனைக் கண்டு மயங்குகிறாள். தோழி சித்திரலேகை அரசிளங்குமரர் அனைவரையும் வரைந்து காட்டுகிறாள். அவன் கண்ணனின் பேரன் அனுருத்திரன் என்று தெளிகின்றது. உடனே சித்திரலேகை வான்வழியே துவாரகைக்குச் சென்று, உறங்கும் இளைஞனைக் கட்டிலோடு தூக்கி வந்துவிடுகிறாள்! இங்கே உறங்குபவன் ஆண், தூக்குபவள் பெண். கம்பியும் கணினியும் இல்லாத களரியிலே வான்வழிப் பயணத்தைக் காட்டுதற்கு வேண்டியது வட்டத்தைச் சுற்றி ஆடும் ஓர் ஆட்டமே. எனினும் இவள் தோழியே, நாயகி அல்லள். போர் மூளும்போது களம் கண்ணனுக்கும் வாணாசுரனுக்கும் உரியதாகிவிடுகின்றது.

கூத்தின் ஆட்ட மரபும் இதனை உறுதிப்படுத்துகின்றது. பெண் பாத்திரங்களுக்கென அமைந்த ஆட்டங்கள் மென்மையும் ஒய்யாரமும் கொண்டவை. போர்வீரனின் பாய்ச்சலும் வீசாணமும் ஆண் பாத்திரத்தின் சொத்து. சீன அரங்கு போர்மகளுக்கு ஒரு தனி இலக்கணம் வகுத்தது. கூத்தோ அரசனுக்கொன்று, அரசிக்கொன்று என வகுத்து, வாளேந்திய அரசியை இரண்டுக்கும் நடுவே நிறுத்திவிட்டது.

இது பெண்ணை மதியாத நாட்டின் செயல் என்று முடிவு கட்டினாற் பிழையாகும். மட்டக்களப்பிலே குடி தாய்வழியே வருவது. வீடும் வளவும் மகளுக்குச் செல்வது. கண்ணகியம்மன் வழிபாடு வாவிப் பிரதேசத்தைப் போல இலங்கைத் தமிழரிடையே வேறெங்கும் வேரூன்றியதில்லை. தம்பிலுவில், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலே வைகாசி மாதத்தில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, குளிர்த்தியோடு நிறைவு செய்வர். மதுரையை எரித்தவளின் சினத்தைத் தணிப்பதே குளிர்த்தி. கொம்பு விளையாட்டிலோ ஊரே இரு சேரியாகப் பிரிந்து, ஒன்று கோவலன் பக்கமும் மற்றொன்று கண்ணகி பக்கமும் நின்று வளைந்த கொம்புகளைப் பிணைத்து இழுக்கும். பாண்டிருப்பிலே திரௌபதையம்மனுக்கு 18 நாட் பாரத விழா எடுத்துத் தீ மிதிப்பர். வெல்லும் பெண்ணை அம்மக்கள் அறியாதவர் அல்லர். அவளைக் கோயிலில் வைத்தனர். களரிக்கு விட்டது உறங்கிய அல்லியை. தெய்வமாகாத பெண் வாளால் வெல்வதைக் காட்டும் துணிவு கதை புனைந்தோர்க்கு இல்லாது போயிற்று என்று கருத இடமுண்டு.

இந்நிலையில் ஓர் அசைவு 1956ஆம் ஆண்டில் நேர்ந்தது. அது சிங்கள மேடையில் நிகழ்ந்தது. எதிரிவீர சரத்சந்திர ‘மனமே’ நாடகத்தை அவ்வாண்டு நவம்பரிற் கொழும்பிலே மேடையேற்றினார். அதன் வடிவம் நாடகம என்னும் சிங்கள மரபிலிருந்து எடுக்கப்பட்டது. நாடகமவுக்கு வேர் தமிழ்க் கூத்து. காட்டிலே இளவரசனும் வேட அரசனும் பொருதும்போது, வாள் கையில் இருக்க இளவரசி ஒரு கணம் தயங்குகிறாள். பழைய சாதகக் கதை அவளைக் கொடியவள் என்று முடித்தது. சரத்சந்திரவோ அத்தயக்கத்தைத் திறந்தே விட்டார். ஒரு பெண்ணின் கையில் வாள் ஒரு கணம் நின்றதைப் பற்றி இலங்கை முழுவதும் விவாதித்தது.

பேராதனையில் அவரோடு பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின் பக்கம் திரும்பினார். மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு, விடியும்வரை ஆடும் கூத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இற் கர்ணன் போரும், தொடர்ந்து நொண்டி நாடகமும், இராவணேசனும் அளித்தார். அமிர்தகழியிற் பிறந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய பெருநூலை 1998இல் வெளியிட்டவரும் அவரே. இம்மேடையில் வட்டக்களரி படச்சட்ட அரங்காகக் குறுகியது என்ற குறை சொல்லப்படுவதுண்டு. அது நியாயமான குறையே. எனினும் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்கும் வழி இங்கேதான் அகன்றது. போருக்குப் புறப்படும் கணவன்முன் நிற்கும் மண்டோதரியின் துயரம் பெண்ணின் குரலில் ஒலிப்பதற்கும் ஆணின் குரலில் ஒலிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் மாணவியர் கூத்தாட்டங்களை முறையாகக் கற்கின்றனர். வூடாங் மலையின் குரு மறுத்தது அங்கே மறுக்கப்படுவதில்லை. பாடசாலைகளிலும் நாட்டுக்கூத்துப் பழக்கப்படுகின்றது. மகளிர் பாடசாலை ஒன்று பாரதக் கதையை ஆட எடுத்துக்கொண்டால் வேறு வழியே இல்லை. அருச்சுனனும் வீமனும் துச்சாதனனும் மாணவியரே. மார்புப் பதக்கமும் முடியும் அணிந்து, ஆண்களுக்கே உரியவையாயிருந்த பாய்ச்சலையும் வீசாணத்தையும் பதினாறு வயதுச் சிறுமி ஆடுகிறாள். முன்னொருகால் அல்லியின் சேலையில் ஆண் நின்ற இடத்திலே இப்போது அருச்சுனனின் உடையிற் பெண் நிற்கிறாள். போர்த் தாளக்கட்டுக்கள் அவள் கால்களுக்கு வந்துவிட்டன. அவற்றை அல்லியின் வரவுக்கும், அவள் நீன்முகனோடு பொருத போருக்கும் பொருத்தித் தரும் வேலை அண்ணாவிமாரிடம் உள்ளது.